ஹாரனுக்கும் அவருக்கும் ஒரே பியூஸ்

எனக்குத் தனியாகப் பேசுகிற பழக்கம் உண்டு. கழன்ற கேஸ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், காரில் மட்டும்தான் பேசுவேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நன்னிலம் பக்கத்தில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு மணி நேர ஓட்டம். அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆரம்பிப்பேன். முந்தின நாள் யாராவது ஏதாவது சொல்லி, நான் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன் இல்லையா, அதற்கெல்லாம் அங்கேதான் பதில். மாமியாருக்குக் கொஞ்சம், தலைமையாசிரியைக்குக் கொஞ்சம், மிச்சம் முழுக்க என் வீட்டுக்காரருக்கு. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது சிரித்த முகமாக இறங்குவேன். சாந்தமான டீச்சர் என்று நான் பெயர் வாங்கியதெல்லாம் அந்த வண்டி செய்த புண்ணியம்.

அவர் மஸ்கட்டில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். வருஷத்துக்கு ஒரு லீவு. லீவு முடிகிற சமயத்தில் தவறாமல் ஒரு பேச்சு எடுப்பார்.

"எதுக்கு தெனம் அவ்வளவு தூரம் போற? உன் சம்பளம் பெட்ரோலுக்கே சரியாப் போவுது. வேலைய விட்டுட்டு அப்பாவோட வயலப் பாத்துக்கலாம்ல?"

"பாக்கலாங்க" என்பேன் நான். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உண்மையான பதிலைக் காரில் சொல்வேன். விட மாட்டேன் என்று. பின்னம் புரியாத பிள்ளைக்குத் திடீரென்று புரியும்போது அது முகத்தில் தெரியும், அதைப் பார்க்கத்தான் போகிறேன், சம்பளத்துக்கு இல்லை என்று. அழகாகச் சொல்வேன். எதிரில் வரும் டவுன் பஸ் டிரைவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

போன வைகாசியில் லீவு முடிந்து கிளம்புவதற்கு முதல் நாள், அவர் காரை எடுத்துக்கொண்டு போய்ப் புது ஸ்டீரியோ போட்டுக்கொண்டு வந்தார். பழைய ரேடியோவில் திருகினால் சத்தம் ஏறும், திருகினால் இறங்கும். இதில் திருகுவதற்கு எதுவுமே இல்லை. பெரிய சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன். சாவியைத் திருப்பினால் கலர் கலராகப் பூ விரிந்து, ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வரவேற்கும். ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் படமாகத் தெரியும். டிக்கியில், மாமனார் அரிசி மூட்டை வைக்கிற இடத்தில் ஒரு பாஸ் டியூப் ஸ்பீக்கர். பாட்டுப் போட்டால் சீட்டு அதிர்ந்து முதுகுத்தண்டு வரைக்கும் ஏறுகிறது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அதில் ஒரு சிம் கார்டும் இருந்தது. கார் எங்கே போகிறது என்று மஸ்கட்டில் அவர் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியுமாம். அவர் கூப்பிட்டால், ஒரு ரிங் போனதும் ஸ்டீரியோ தானே போனை எடுத்துவிடும். நான் எதையும் தொட வேண்டியதில்லை.

"ஓட்டும்போது நீ போனத் தொடவே கூடாது. அதுக்குத்தான் இது" என்றார்.

இதில் என்ன குறை சொல்வது? மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்து, விரலால் ஸ்கிரீனைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க இருந்தாலும் அவனுக்கு உம்மேலதாம்மா கவனம்" என்று நெகிழ்ந்துபோனார். அக்கம்பக்கத்தில் சொன்னால் பொறாமைப்பட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பாலம் தாண்டி, வழக்கம்போல் ஆரம்பித்தேன். "பெட்ரோலுக்கே சரியாப் போவுதா? போனாப் போவட்டும்" என்று நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்கிரீனில் அவர் போட்டோ வந்தது. நான் வாயை மூடுவதற்குள் ஸ்டீரியோ போனை எடுத்துவிட்டது. நாலு கதவு ஸ்பீக்கரிலிருந்தும் அவர் குரல்.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க? பக்கத்துல யாரு?"

"யாருமில்லைங்க. ஸ்டீரியோதான் பேசுது."

அன்றிலிருந்து தினமும் வந்தார். நமக்கு எட்டரை என்றால் அவருக்கு ஏழு. கம்பெனி பஸ்ஸில் சைட்டுக்குப் போகிற நேரம். பின்னால் பஸ் இரைச்சலும் யாரோ இருமுவதும் கேட்கும். என்ன சாப்பிட்டாய், அப்பா மாத்திரை போட்டாரா, வயலில் தண்ணீர் இருக்கிறதா, இப்போது நாச்சியார்கோவில்தானே தாண்டுகிறாய் என்று கேட்டுக்கொண்டே வருவார். கெட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது. வீட்டில் மாமனார் மாமியார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், நடுவில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். அதையும் அவர் எடுத்துக்கொண்டார். சொல்லாத பதில்களோடு போய் இறங்கி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சிடுசிடுத்தேன். ஒரு தடவை போனில் ப்ளூடூத்தை அணைத்துப் பார்த்தேன். புள்ளி நகர்கிறது, ஸ்டீரியோ மட்டும் போனை எடுக்கவில்லை, ஏன் என்று சாயங்காலம் முழுக்க விசாரணை. அதோடு விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு. வழி நெடுக ரோட்டில் பாதியை மடக்கி நெல் காயப் போட்டிருந்தார்கள். எரவாஞ்சேரிக்கு முன்னால் ஓர் இடத்தில், ஓர் அம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலாலேயே நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். மிச்சப் பாதி ரோட்டில் அந்த அம்மாளே நின்றார். நான் ஹாரனை அழுத்தினேன். அது பாதியில் செத்தது. "அப்பா வாய்க்கால்ல தண்ணி..." என்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் பாதியில் செத்தார். ஐயோ, வாய் கூசுகிறது, குரல் நின்றது என்று சொல்ல வந்தேன். ஸ்கிரீன் கறுத்துப் போயிருந்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பையில் போன் அடித்தது. ஓட்டும்போது தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் தொடவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "ஏம்மா, செத்த ஒதுங்கிக்கங்களேன்" என்றேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, ஹாரன் அடிக்காமல் வாயால் கேட்கிற காரை முதன்முதலாகப் பார்த்தவர்போலச் சிரித்துவிட்டு விலகினார். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை பேசினேன். தொண்டை கட்டிக்கொள்கிற அளவுக்குப் பேசினேன்.

சனிக்கிழமை ஸ்டீரியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன மூடியைத் திறந்து, புளியங்கொட்டை அளவில் நீல நிறத்தில் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்.

"பியூஸ் போயிருக்கு மேடம். ஸ்டீரியோவுக்குக் கரண்ட்ட ஹாரன் லைன்லேருந்து எடுத்துட்டோம். லோடு தாங்கல. தனி ஒயர் இழுத்துடவா? சீக்கிரம் முடிஞ்சிடும்."

"அப்ப இதப் புடுங்கினா ரெண்டும் நின்னுடுமா?"

"ஆமா மேடம். ரெண்டுக்கும் ஒரே பியூஸ்தான்."

"தனி ஒயரெல்லாம் வேணாங்க. வேற பியூஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, பியூஸைப் பிடுங்கிப் பொட்டு டப்பாவில் போட்டுக்கொள்வேன். சாயங்காலம் பாலத்துக்கு முன்னால் திரும்ப மாட்டுவேன். நீலப் புள்ளியே மறைந்துவிடும், பையில் அடிக்கிற போனைத் தொடாதது அவரே போட்ட சட்டம், அதனால் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. "ஸ்டீரியோ சிம்முக்கு அந்த ரூட்ல சிக்னலே இல்ல போலருக்கு" என்று அவரே சொல்லி, சிம் கார்டை வேறு கம்பெனிக்கு மாற்ற வைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடுங்கினேன்.

ஹாரன் இல்லாமல் இந்த ரோட்டில் ஓட்டுவதென்றால் விளையாட்டா? வளைவில் பஸ் எப்போது வரும் என்று தெரியாது. ஊர்ந்துதான் போவேன். வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால் கடைசி வாத்து இறங்கும்வரை காத்திருப்பேன். ஆட்டுக்காரர், சைக்கிள்காரர், எல்லாரையும் கண்ணாடியை இறக்கி வாயால்தான் கேட்க வேண்டும். நெல் காயப் போடுகிற அந்த அம்மாளுக்கு நான் டீச்சர் என்றுகூடத் தெரிந்துவிட்டது. பயத்துக்குப் பயம், நிம்மதிக்கு நிம்மதி என்று மழைக்காலம் முழுவதும் ஓட்டினேன்.

தை மாதம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். மஸ்கட்டிலிருந்து அவர் அவசர லீவில் வந்தார். ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக அவரே ஓட்டினார். பியூஸ் அதன் இடத்தில் சமர்த்தாக இருந்தது. சம்பா அறுப்பு தொடங்கி ரோட்டில் மறுபடியும் நெல். அதே அம்மாள், அதே முதுகு. என் வீட்டுக்காரர் ஹாரனை ஓங்கி அழுத்தினார். அந்த அம்மாள் துள்ளித் திரும்பினார். காரைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

"என்ன டீச்சர், வண்டிக்கு ஹாரன் வந்துடுச்சா!"

இவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். ஒயரோடு காலம் தள்ளுகிறவர் அவர், சொல்லித்தர வேண்டுமா? குனிந்து மூடியைத் திறந்து பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மாட்டி மாட்டிக் கழற்றியதில் அதன் இரண்டு கால்களும் கீறல் விழுந்து பளபளவென்று இருந்தன.

"தெனமும் எடுப்பியா?"

"ஆமாங்க."

"ஏன்?"

வருஷக்கணக்காக இந்தக் காரில் நான் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்கள் எத்தனை! அதே சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, ரோட்டோரத்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ஹாரன் இல்லாம இந்த ரோட்டுல ஓட்டியிருக்க. ஏதாவது ஆயிருந்தா?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எனக்கு அந்த பஸ்ல போற நேரம் மட்டுந்தான் இருக்கு. ரூமுக்கு வந்தா பேச முடியாது, எல்லாரும் படுத்திருப்பாங்க" என்றார். எனக்கும் அந்த ஒரு நேரம்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவரே உட்கார்ந்து, பேட்டரியிலிருந்து ஸ்டீரியோவுக்குத் தனி ஒயர் இழுத்தார். வேலையைக் குறை சொல்ல முடியாது, டேப் சுற்றி, க்ளிப் போட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் என் கை எட்டாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பழைய பியூஸை என் உள்ளங்கையில் வைத்து, "இனிமே ஹாரன் எப்பவும் அடிக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு ஜன்னலுக்குக் கம்பி போட்டு முடித்த மாதிரி இருந்தது. புதன்கிழமை விமானம் ஏறினார். ஏறுவதற்கு முன், "வேலைய யோசிச்சுப் பாரு" என்றார். "பாக்கலாங்க" என்றேன்.

வியாழக்கிழமை காலை. பாலம் தாண்டினேன். ஓரம் கட்டுவதற்குக் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டது. அணைத்துவிட்டு மேலே போனேன். கண்ணாடியை ஏற்றினேன். எட்டரை ஆவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று அவசர அவசரமாக ஆரம்பித்தேன்.

"வேலைய விட மாட்டேங்க. அப்பாவோட வயலுக்கு ஆள் போட்டுக்கங்க. நான் பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னதெல்லாம் பொய். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேணும்..."

ஸ்கிரீனில் அவர் போட்டோ வந்தது. ஒரு ரிங் போய், தானாக எடுத்துக்கொண்டது. பஸ் இரைச்சல் கேட்டது. வாய் பழக்கத்தில் மூடப் பார்த்தது. எதிரே நெல் காய்ந்த ரோட்டில் பாதி வழிதான் இருந்தது, நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. நான் நிறுத்தவில்லை.

"...போற வர்ற இந்த ஒரு மணி நேரமும் எனக்கு வேணும். யாரும் பேசாத ஒரு மணி நேரம். நீங்ககூடப் பேசக் கூடாது. அதுக்குத்தான் பியூஸப் புடுங்கினேன். பயந்துகிட்டேதான் ஓட்டினேன், ஆனாலும் புடுங்கினேன்."

நாலு கதவிலும் பஸ் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். கால் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று ஸ்கிரீனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க?" என்றார் மெல்ல.

"உங்ககிட்டதாங்க."