பல்லவிக்குள் ஒரு பெயர்

போன வாரம் மெட்ரோவில் என் எதிரே இருந்த பெண் கைப்பேசியில் ஏதோ தேர்தல் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் எதுவும் மாட்டவில்லை. பெட்டி முழுவதற்கும் கேட்டது. அமெரிக்காவின் தென்பகுதி என்பது பேச்சின் இழுவையிலேயே தெரிந்தது. ஒரே நிறக் கோட்டுப் போட்ட நான்கு ஆண்கள் இயேசுவைப் பாட, அவர்களுக்குப் பின்னாலிருந்து வேட்பாளர் கையசைத்தபடி வந்தார். பாட்டுக்குக் கையசைக்கிறாரா, சனத்துக்கா என்று பிரிக்க முடியவில்லை. நால்வரில் தடித்தவர் குரலை நிலத்துக்குள் இறக்கியபோது என்னால் இருக்க முடியாமல் போய்விட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டேன். அது என் நிலையமில்லை. மேலே ஏறி, வேலை எதுவுமில்லாமல், டவுன்டவுனில் குளிருக்குள் நடந்தேன்.

அந்த அடிக்குரலை நான் முதலில் கேட்டது ஒரு லொறியில். மொன்றியலில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் அப்போது எனக்கு வேலை. செய்தியாளன், ஒப்புநோக்குபவன், கடைவாசல்களில் கட்டுக்களை இறக்கிவைப்பவன் எல்லாம் நானே. லொறி ஓட்டும் தமிழர்களைப் பற்றி எழுதப் போய், துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் ஜெயசீலன் அண்ணையின் வண்டியில் ஏறினேன். மட்டக்களப்பார். கொள்கலன்களை அமெரிக்காவின் தெற்கு வரை கொண்டுபோய் வருபவர். வண்டிக்குள் டீசல் மணம், தைல மணம், அதற்கு மேல் உப்புத் தண்ணீரில் அவித்த கச்சான் கடலை மணம். தெற்கே பெற்றோல் நிலையங்களில் கச்சானையும் கசெட்டுகளையும் ஒன்றாக விற்பார்களாம். அவர் இரண்டையும் வாங்குவார். கசெட் ஒன்றைப் போட்டார். நாலு பேர், ஒரு பியானோ.

"இந்த ஆளுக்குத் தடிமனோ அண்ணை, மூக்கடைச்ச மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். "தடிமன் இல்லைத் தம்பி, அதுதான் பாஸ், அடிக்குரல். நீங்க யாழ்ப்பாணத்து ஆக்கள் எல்லாரும் மேலதான் பாடுவீங்க. கீழ ஒராள் நிண்டாத்தானே மேல ஏறலாம்."

அவரும் அப்படி நால்வராகப் பாடினார். பழைய பிரெஞ்சுத் தேவாலயம் ஒன்றின் நிலவறையை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்திய சிறிய தமிழ்ச் சபை அவர்களுடையது. ஜெயசீலன் அண்ணை பாஸ். முதன்மைக் குரல் செல்வம். உணவகச் சமையலறையில் வேலை. கைகளில் எப்போதும் உள்ளி மணக்கும். மற்ற இருவரும் அண்ணன் தம்பி. பாடும்போது தவிர வாய் திறக்காதவர்கள். நான் சைவ சமயத்தவன். செய்தி இருக்கிறதென்று எனக்கே சொல்லிக்கொண்டு பின்வரிசையில் போய் இருப்பேன். பாட்டு முடிந்து கிடைக்கும் மீன் பணிஸையும் செய்தியாகவே கணக்கில் எடுத்தேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பல்லவியில் பியானோ நின்றுவிடும். ஜெயசீலன் அண்ணை தனியாக ஒரு பெயரை எடுத்து, "நினைத்தருளும் ஆண்டவரே" என்று அடியில் பாட, மற்ற மூவரும் அந்தப் பெயரைத் தூக்கி மேலே கொண்டுபோவார்கள். நோயாளியின் பெயர், வேலை போனவரின் பெயர், தடுப்பு முகாமில் இருப்பவரின் பெயர். இக்கட்டில் இருப்பவருக்குத்தான் அந்த இடம். பெரும்பாலான வாரங்களில் அது எஸ்தர்.

எஸ்தர், செல்வத்தின் மனைவி. அவன் மட்டக்களப்புக்குப் போய்க் கல்யாணம் செய்து, லீவு முடிந்து தனியே திரும்பியவன். அவளைக் கனடாவுக்கு எடுப்பிக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் சிக்கிக் கிடந்தது. ஊரில் அப்போது சண்டை. தொலைபேசி அட்டை முடிந்து இணைப்பு அறுந்தால் அவன் அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்க மாட்டான்.

அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. தமிழர் மத்தியில் எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவருக்காக ஓடித்திரிந்த குணம் அண்ணை ஒரு ஞாயிறு நிலவறைக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் தடுமாறிவிட்டு உள்ளே வந்து, மண்டபத்தில் கூட்டம், நால்வரும் பாடவேண்டும் என்றார். "கடைசியில பேர் வைச்சுப் பாடுறியள்தானே, அதுக்குள்ள எங்கட ஆளின்ர பேரையும் ஒருக்கா விட்டியளெண்டால் வடிவாயிருக்கும்."

ஜெயசீலன் அண்ணை யோசித்துவிட்டுக் கேட்டார்: "அது வருத்தக்காரருக்குப் பாடுறது. உங்கட ஆளுக்கு என்ன வருத்தம்?"

"வோட்டு வருத்தம்தான்!" குணம் அண்ணை விடவில்லை. பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பினார். "வெண்டால் உம்மட பைலை ஒபிஸால ஒருக்கா விசாரிப்பினம். நான் கதைச்சிட்டன்."

செல்வம் பாஸ்காரரைப் பார்த்தான். "அண்ணை, ஒரு பாட்டுத்தானே?"

"ஓம் மனே, ஒரு பாட்டுத்தான்" என்றார் அவர். மனே என்பது அவர்கள் ஊரில் மகனே. சம்மதம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. வேட்பாளர் முன்வரிசையில், தமிழ் தெரியாதவர்கள் தமிழ் கேட்கும்போது வைத்துக்கொள்ளும் புன்னகையோடு இருந்தார். நால்வரும் நன்றாகவே பாடினார்கள். கடைசிப் பல்லவியில் பியானோ நின்றது. ஜெயசீலன் அண்ணை மூச்சை எடுத்து, பிடித்து, செல்வத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பாடினார்: "எஸ்தரை நினைத்தருளும் ஆண்டவரே."

சகோதரர்கள் இருவரும் பழக்கத்தில் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். செல்வத்தின் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. வேட்பாளர் தனக்கான ஆசீர்வாதம் என்று தலை குனிந்தார், பிறகு எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து மண்டபமே தட்டியது. குணம் அண்ணை மட்டும் கைகளைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் கோட்டுகள் தொங்கிய இடத்தில் செல்வம் ஜெயசீலன் அண்ணையை மறித்தான். "என்ர மனிசியின்ர பேரை வைச்சு நீங்கள் அரசியல் செய்திட்டியள்."

"நான் அரசியலோ செய்தனான்? உனக்காகத்தானே மனே பாடின."

"எனக்காக எண்டால் அவன்ர பேரைப் பாடியிருக்கவேணும்!"

அவர் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். நடந்துகொண்டே இதை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பாட்டை மேடைக்கு விற்காதவர் அவர் என்று தோன்றும். அடுத்த தெரு திரும்பினால், தன் பாட்டைச் சுத்தமாக வைத்திருக்க இன்னொருவனின் கதவை மூடியவர் என்று தோன்றும்.

எங்கள் ஆசிரியர் என் செய்தியை வாசித்துவிட்டுப் பாதியை வெட்டினார். "பாட்டைப் பற்றி ஒண்டும் வேண்டாம். மண்டபம் நிறைஞ்சுதெண்டு போடும்."

வேட்பாளர் வென்றார். செல்வம் அந்த அலுவலகத்துக்கு எடுத்த அழைப்புகளுக்கு, எல்லோருக்கும் எடுக்கும் காலம்தான் எடுக்கும் என்ற பதிலே வந்தது. பெயரைப் பாடியிருந்தாலும் அதே பதில் வந்திருக்கலாம். எஸ்தர் வந்துசேர இன்னும் இரண்டு மாரி பிடித்தது. அதற்குள் அவளுடைய தாய் ஊரில் செல் குண்டடியில் காயப்பட்டுப் போய்விட்டார். செல்வம் ஜெயசீலன் அண்ணையோடு அதற்குப் பிறகு பாடவில்லை. வேறு யாரோடும் பாடவில்லை. சகோதரர்கள் பக்கத்து நகரான லவாலில் பெரிய சபையொன்றுக்குப் போனார்கள். அங்கே கிற்றாரும் டிரம்ஸும் திரையில் வரிகளும். அடிக்குரலுக்கு அங்கே வேலை இல்லை. ஜெயசீலன் அண்ணை லொறியை விற்றார், பிறகு ஒரு வசந்தத்தில் இல்லாமல் போனார். அவர்கள் பாடியதை ஒருவரும் பதிவுசெய்து வைக்கவில்லை.

மரண வீட்டுக்குச் செல்வம் வரவில்லை. எஸ்தர் வந்திருந்தாள். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். கோப்பித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, நான் வராத காலத்தில வாராவாரம் என்ர பேரைப் பாடினவையாம். வந்தபிறகு நான் ஒருநாளும் கேக்கயில்லை. இவரைக் கேட்டால் எழும்பிப் போயிடுவார். ஜெயசீலன் அண்ணை எப்பிடிப் பாடினவர் எண்டு ஒருக்காச் சொல்லுவியளே?"

மண்டபம் எது, முன்வரிசையில் யார், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் தட்டைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். பெயரை எடுக்க வாயைத் திறந்தேன். என் குரல் அவ்வளவு கீழே போகவில்லை.