நீர்நாயை நாயாக்கிய பெரிய கிராணி

எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கனகசபை இறந்துபோன செய்தி வந்தபோது நான் மைக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "ஐயா, பெரியவர் காலையில போயிட்டாருங்க. நாலு நாளா ஜுரமாம்" என்றான் ஆபீஸ் பியூன். அடடா என்றேன். வாய்தான் சொன்னது, மனசில் ஒன்றும் அசையவில்லை. அன்று சாயங்காலமே நம் சங்கத்துச் செயலாளர் சிராங்கூன் ரோட்டிலிருந்து ரிக்ஷாவில் வந்து இறங்கினார். "பன்னிரண்டு வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில உட்கார்ந்தவர் நீங்க. நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்க. காட்டு மிருகங்கள் மேல அவருக்கு இருந்த பிரியத்தை விட்டுடாதீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிரியமாம், பிரியம்! நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பிடியுங்கள். நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்.

சங்கத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அந்த வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியும் மறந்திருக்காது. ஞாயிறுதோறும் தாம்சன் ரோட்டுக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் குடிதண்ணீர் ஏரிக்கு மிருகம் பார்க்கப் போவார். திங்கட்கிழமை சங்கத்துக்கு வந்து புலி வாலைக் கண்டேன், மலைப்பாம்பைத் தாண்டினேன் என்று அளப்பார். நீங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள். கூடப் போனவன் நான். ஏரிக்கரை மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுவார். "மிருகம் பார்க்கப் போறவனுக்கு முதல்ல வேண்டியது நல்ல தொப்பிதான்யா" என்பது அவருடைய அருள்வாக்கு. ஒருநாள் குரங்கு ஒன்று அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் சங்கத்தில் அது சிறுத்தை ஆகிவிட்டது. கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஏரியில் மிருகங்களை உண்மையாகப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டு. பாக் மாட் என்ற மலாய்க் கிழவர், ஏரிக்குக் காவல்காரர். எந்த மரத்தில் இருவாச்சி கூடு வைத்திருக்கிறது, சருகுமான் எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உதட்டில் விரலை வைத்தபடி எங்களைக் கரை ஓரமாக அழைத்துப் போனார். தண்ணீரில் ஐந்து தலைகள். தாய் ஒன்று, குட்டிகள் நான்கு. தாய் மீனைப் பிடித்து வந்து கரையில் போட்டது. குட்டிகள் கீச்கீச்சென்று சண்டை போட்டுக்கொண்டு தின்றன. ஐயோ, என்ன அழகு! பார்த்த சந்தோஷத்தில் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரிய கிராணி தூரக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அத்தனையும் முங்கிவிட்டன.

"அஞ்சிங் ஆயர், துவான்" என்றார் பாக் மாட், பெரிய கிராணியைப் பார்த்து மரியாதையும் பெருமையுமாக.

"அஞ்சிங்னா நாய். ஆயர்னா தண்ணி. ஊர் குடிக்கிற தண்ணியில நாய் குளிக்குதா?" என்று கத்தினார் பெரிய கிராணி.

"இல்லீங்க, அது நீர்நாய். நம்ம காவிரியில இருக்குமே, மீன் பிடிக்குமே, அதுதான்" என்றேன்.

"மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடுய்யா. நீர் எனக்குச் சொல்லிக் குடுக்க வேணாம்."

தமிழிலும் மலாயிலும் அதற்கு ஒரே பெயர்தான். நீர், நாய். இரண்டு பாஷையும் கையில் இருந்தும் இந்த மேதாவிக்கு விளங்கவில்லை. மறுநாள் ஆபீசில் துரைக்கு அவர் இங்கிலீஷில் கடிதம் சொல்லச் சொல்ல, வழக்கம்போல நான் எழுதினேன். குடிதண்ணீர் ஏரியில் சொந்தக்காரர் இல்லாத நாய்கள் திரிகின்றன, உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று கடிதம். துரை அவரைக் கூப்பிட்டு மெச்சினார். புதன்கிழமை நாய் சுடுகிற ஆட்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு ஏரிக்குப் போனார்கள்.

மிச்சத்தைப் பாக் மாட் வாயால் கேட்டேன். வந்தவர்கள் அஞ்சிங் எங்கே என்று மலாயில் கேட்டார்களாம். அவர்களும் எங்களைப்போல நீர்நாய் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, உதட்டில் விரலை வைத்துக் கரை ஓரமாக அவரே கூட்டிப்போனாராம். "நான்தான் காட்டினேன், நான்தான் காட்டினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, தாய் நீர்நாயின் உடலைப் புதைத்த இடத்தை எங்களுக்குக் காட்டினார். குட்டிகள் குண்டு பட்டுத் தண்ணீரிலேயே போய்விட்டனவாம். ஒரு குட்டி மட்டும் கரை ஒதுங்கிக் கிடந்தது. பெரிய கிராணி குனிந்து அதன் காலைத் தூக்கிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் தோல். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் பார்த்தேன். இப்போதாவது அந்தக் கிழவரிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். காலைக் கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். "இங்கிலீஷ்ல எழுதியாச்சுய்யா. இனிமே அது நாய்தான்" என்றார். அன்றைக்கும் புளியோதரையை மிச்சம் வைக்கவில்லை. இந்த மனிதருக்குத்தான் நீங்கள் மாலை வாங்கியிருக்கிறீர்கள்.

இத்தனை திட்டியும் எனக்கு ஆறவில்லை. ஏன் என்றும் தெரியும். அவர் அறியாமல் செய்தார். நீர்நாய் என்று அறிந்தவன் நான். துரையின் அறை என் மேசையிலிருந்து பத்தடி. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பெரிய கிராணி முறைப்பாரே என்று உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அவருடைய அலமாரியை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தேன். கீழே கையொப்பம் அவருடையது, மேலே எழுத்தெல்லாம் என்னுடையது. நாய் என்பதற்கான இங்கிலீஷ் சொல்லில், முதல் எழுத்துக்குப் பிறகு மை ஊறிப் பெரிய பொட்டாக நிற்கிறது. அந்த இடத்தில் நான் பேனாவை நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் மற்ற எழுத்துகளையும் எழுதி முடித்திருக்கிறேன். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தக் காகிதம்தான்.