ரெண்டு தரம் செத்த மீன்

"கண்டிக்கு வர்ற மீனு ரெண்டு தரம் செத்ததுங்க. கடல்ல ஒரு தரம், லொறியில ஒரு தரம்!"

அழகம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது. கண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய சோத்துக்கடை. அங்கே போய் உட்கார்ந்தால், கறிக்கு முன்னால் இந்த வசனம்தான் இலைக்கு வரும். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவள். புருஷன் போன பிறகு மகள் லோஜினியோடு டவுனுக்கு இறங்கி, ஒரே அடுப்பில் கடையையும் குடும்பத்தையும் வேக வைத்தவள்.

இப்போது எதிரே ஒரு புதுக்கடை முளைத்துவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். மிஞ்சிய பெரிய வாடிக்கை ரிஸ்மிதான். பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். தன் கடைப் பையன்கள் எல்லாருக்கும் பகல் பார்சல் இங்கேதான் எடுப்பார். ஒரு திங்கட்கிழமை அவரும் தட்டைத் தள்ளிவிட்டார்.

"எனத்த அழகம்மாக்கா இது? மீன் நாறுது. வியாழக்கிழமை வரைக்கும் பாக்கிற. அப்பவும் இப்பிடியெண்டா, நாங்க முன் கடைக்குத்தான் போற."

ரிஸ்மி போனால் கடையும் போச்சு. அது அழகம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

"கோச்சி தினமும் கடலுக்குத்தானே போவுது? நம்மள ஏத்தாதா?" என்றாள் மகளிடம். புதன்கிழமை விடியுமுன், மீனை ஐஸ் போட்டு வைக்கிற ஒரு ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெற்கே கடலோரமாகப் போகிற மாத்தறைக் கோச்சியில் ஏறிவிட்டாள்.

கொழும்பைத் தாண்டியதும் வலப்பக்க ஜன்னல் முழுக்கக் கடல். ரயில் பெட்டியில் இருந்தவர்களெல்லாம் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அழகம்மா, படகுகள் கரைக்கு வருகின்றனவா போகின்றனவா என்று பார்த்தாள்.

மீன்பிடி ஊரான ஹிக்கடுவையில் இறங்கினாள். மீன் விற்கிற ஒருத்தி பெரிய பாரை ஒன்றை எடுத்து நீட்டினாள். அழகம்மா செவுளைத் தூக்கி மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் மோந்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"நாத்தமே இல்லியே, இது மீனுதானா?" என்று தன் உடைந்த சிங்களத்தில் கேட்டாள்.

மீன்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் சிநேகமாகிவிட்டாள். வேண்டுமென்றால் தினமும் கண்டிக்குத் திரும்புகிற கோச்சியில் ஐஸ் போட்டுப் பெட்டி ஏற்றி விடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பெட்டி அழகம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. வழி நெடுக ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. அவளுக்கு அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

வியாழன் காலையில் தன் கைவரிசை முழுவதையும் சட்டியில் இறக்கினாள். புளிப்புக்குக் கை நிறையக் கொறக்கா, உறைப்புக்கு மிளகாய், போதாதற்கு மிளகு. ரிஸ்மி வந்தார். ஒரு வாய் வைத்தார்.

"புளியும் உறைப்பும்தான் ஈக்கிது. மீன் எங்க?"

சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார். அழகம்மாவின் முகம் சுண்டிப் போனது. அடுப்படியிலிருந்து லோஜினி கத்தினாள்: "அம்மா! நாத்தம் புடிச்ச மீனுக்கு வைக்கிற கறிய இந்த மீனுக்கு வச்சிருக்கீங்க!"

அழகம்மா சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக நாம் மீனையா சமைத்தோம், அதன் நாற்றத்தை அல்லவா சமைத்துக்கொண்டிருந்தோம்!

"தம்பி, கை கழுவாதீங்க. உக்காருங்க!"

ஐஸில் மிச்சமிருந்த துண்டுகளை எடுத்தாள். உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிச் சட்டியில் போட்டாள். மிளகாய்த்தூள் டப்பாவை நோக்கிப் போன கையை லோஜினி தட்டிவிட்டாள். பொரித்த துண்டுகள் தட்டுக்கு வந்தன. ரிஸ்மி ஒன்றைத் தின்றார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். தட்டில் முள் மட்டும் மிஞ்சியது. பாராட்டைச் சும்மா கொடுத்துவிடுகிற ஆளா அவர்?

"ருசிதான். ஆனா முள்ளு கூட."

அழகம்மா கரண்டி பிடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"முள்ளு இல்லாத மீனு வேணும்னா டின்னுல இருக்கு, போய் வாங்கிக்கங்க தம்பி! இது நேத்து வரைக்கும் கடல்ல நீந்திக்கிட்டு இருந்தது, முள்ளு இல்லாம எப்பிடி நீந்தும்? நாளைக்கும் கோச்சியில பெட்டி வருது. பையனுகளுக்கு எத்தன பார்சல்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க!"