தொட்ட காய்

லுத்ஃபி சதுரங்கப் பலகையிலிருந்து குதிரையைத் தூக்கினான். அந்தரத்தில் பிடித்தபடி யோசித்தான். மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினான். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு யானையைத் தூக்கினான்.

"சொல்லித் தொலைடா, கலாஸா?" என்றார் காப்பிக்கடை முதலாளி ஹஜ் ஸப்ரி, ஹூக்காக் கரியை இடுக்கியால் புரட்டிக்கொண்டே.

"இருங்க ஹஜ். குதிரை காத்து வாங்கிச்சில்ல, யானையும் வாங்கட்டும்."

கடையே சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த பயூமி சிரிக்கவில்லை.

அலெக்சாண்ட்ரியாவில் கர்மூஸ் தெருவின் அந்தக் கடையில், ஆடுகிறவன் 'கலாஸ்', அதாவது முடிந்தது, என்று வாய்விட்டுச் சொன்னால்தான் காய் நகர்ந்ததாக அர்த்தம். அதுவரை எதையும் தொடலாம், தூக்கலாம், திருப்பி வைக்கலாம். வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த நகரப் போட்டியில் அது செல்லாது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கடையில் இது தெரிந்தவன் பயூமி ஒருவன்தான்.

எழுபத்தெட்டில் அவன் அந்தப் போட்டிக்குப் போயிருந்தான். இரண்டாம் சுற்றில் ராணியைத் தொட்டான், திரும்ப வைத்தான். நடுவர் எழுந்து வந்தார். ஐந்தே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. கடைக்கு வந்து வயிறு சரியில்லை என்றான். பாவம் என்றார்கள். பதினோரு வருடமாக அந்த வயிற்றுவலியை அவன் காப்பாற்றி வருகிறான்.

இந்த முறை யாரை அனுப்புவது என்று பார்க்க ஹஜ் இருவரையும் எட்டு ஆட்டம் ஆட வைத்தார். லுத்ஃபி ஐந்து, பயூமி மூன்று. லுத்ஃபி கால்சட்டை வெட்டுகிற தையற்காரன். கடைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இப்போது ஜன்னலோர நாற்காலி அவனுக்கு. கேட்காமலே புதினா டீ அவனுக்கு. 'உஸ்தாத்' என்று யாராவது கூப்பிட்டால் பயூமி திரும்பிப் பார்த்துவிட்டு, தன்னையல்ல என்று தெரிந்து கோப்பையைக் கிளறினான். பயிற்சி கொடுக்கும் பொறுப்பு மட்டும் அவனுக்கு வந்தது. ஆறு நாளாக லுத்ஃபி காய்களைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் சோடா மூடிகளை அடுக்கி, லுத்ஃபி ஜெயித்த ஐந்தாவது ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்தான். எங்கும் ஓட்டை இல்லை. அதுதான் எரிந்தது.

"அந்தப் பையன்கிட்ட சொன்னியா?" என்றாள் மனைவி நகாத்.

"எதை?"

"எதையாம்! வயிறு சரியில்லைன்னு ஊரெல்லாம் சொன்ன அன்னிக்கு, ரெண்டு தட்டு கோஷரி தின்னியே, நான்தானே போட்டேன்."

அவன் மூடிகளை அள்ளி டப்பாவில் போட்டான்.

வியாழக்கிழமை மாலை கடைசிப் பயிற்சி. லுத்ஃபி சூரியகாந்தி விதையை உரித்துத் துப்பிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"அண்ணே, நீங்கதான் அங்க போயிட்டு வந்த ஆளு. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

பயூமி அவன் விரல்களைப் பார்த்தான். ஒரு சிப்பாய் அவற்றுக்கிடையில் உருண்டுகொண்டிருந்தது. நாலு வார்த்தை. சொன்னால் இவன் ஜெயித்துக் கோப்பையோடு வருவான். எப்படித் தெரியும் என்றும் கேட்பான்.

"காலையில லேசா சாப்பிடு," என்றான் பயூமி. "ஃபூல் பயறு பக்கமே போகாத. வயித்தைக் கெடுத்துரும்."

"சரிண்ணே," என்றான் லுத்ஃபி, மனப்பாடம் செய்கிறவன் மாதிரி.

வெள்ளிக்கிழமை மாலை வெறுங்கையோடு வந்தான். மூன்றாம் சுற்றில் வெளியே. உள்ளே நுழையும்போதே சிரிப்பு.

"ராணியைத் தொட்டுட்டு வெச்சேன். நடுவர் வந்து, நகர்த்துங்கறாரு. நான் இன்னும் கலாஸ் சொல்லலியேன்னேன். சொல்லாட்டியும் கலாஸ்தான்னுட்டாரு!" கையை ஆட்டி நடுவர் மாதிரி நின்று காட்டினான். "இதுல பட்டினி வேற. அண்ணன் ஃபூல் வேணாம்னாரேன்னு ஒரு வெள்ளரிக்காயோட போனேன்."

கடை கண்ணில் நீர் வரச் சிரித்தது. ஹஜ் ஒரு தட்டு ஃபூல் வரவழைத்தார். இன்னொரு தரம் சொல்லு என்றார்கள். சொன்னான்.

"ஏன்யா பயூமி, உன் காலத்துல இந்தச் சட்டம் இல்லியா?" என்றார் ஹஜ்.

"இல்ல."

"புதுசா கொண்டாந்திருப்பாங்க," என்றான் லுத்ஃபி, வாயில் ரொட்டியோடு.

பயூமி பார்த்துக்கொண்டிருந்தான். தான் பதினோரு வருடம் மூடி வைத்ததை இவன் கால் மணி நேரத்தில் விரித்துப் போட்டுவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிடுகிறான். ஜெயித்து வந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

மறுநாள் சனிக்கிழமை. பயூமி தன் மோட்டார் பட்டறையைத் திறந்தான். இரண்டு மின்விசிறிகளுக்கும் ஒரு தண்ணீர் மோட்டாருக்கும் கம்பி சுற்றினான். அஸர் தொழுகைக்குப் பிறகு காப்பிக்கடைக்குப் போனான். சுவரில் ஹஜ் சாக்பீஸால் எழுதியிருந்தார்: தொட்டால் நகர்த்து. லுத்ஃபி காய்களை அடுக்கி, வெள்ளையைப் பயூமி பக்கம் வைத்திருந்தான். ஒன்பதாவது நகர்த்தலில் பயூமி ராணியைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

"பரவால்லண்ணே, வேற ஆடுங்க," என்றான் லுத்ஃபி.

பயூமி ராணியையே நகர்த்தினான். தோற்றான். இரண்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.