இரண்டு பக்கத்துப் பத்தியம்

கிழக்கையும் மேற்கையும் இணைத்த முழுமையான உணவுமுறை என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். உடலும் மனமும் உணவும் ஒன்றாம். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். அந்த இணைப்பை என் வயிற்றில்தான் நடத்திப் பார்த்தார்கள். நான் பிள்ளை பெற்றுக் கிடந்த காலம் அது. வாழைச்சேனைக்குப் போகும் பாதையை ஆமிக்காரர்கள் நினைத்தபோது திறப்பார்கள், நினைத்தபோது பூட்டுவார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பது பெற்ற தாயின் ஆட்சி. என் அம்மா ஆட்சியை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மிளகும் சீரகமும் உள்ளிப்பூண்டும் மஞ்சளும் அரைத்த சரக்குக் குழம்பு, சுட்ட கருவாடு, அவ்வளவுதான். முட்டை கிரந்தி, தின்றால் உடம்பு அரிக்கும், புண் ஆறாது. கீரை குளிர், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். பழத்தைப் பார்க்கவே கூடாது. தண்ணீர் தொண்டை நனைய மட்டும், இல்லாவிட்டால் வயிறு ஊதிப்போகுமாம்.

பாதை திறந்தால் மிட்வைஃப் சைக்கிளில் வருவார். நாங்கள் மிசி என்போம். புதிதாக ஏதோ வகுப்புக்குப் போய்வந்திருந்தார். அந்த வகுப்பு முழுவதையும் எங்கள் முற்றத்தில் கொட்டினார்.

"உங்கட முறைய விடச் சொல்லல்ல அம்மா. ரெண்டையும் சேர்த்துச் செய்யுங்க. ஆனா இந்த மிளகு, உள்ளியெல்லாம் வேணாம், புள்ளைக்கு வயித்துவலி வரும். கருவாட்டில உப்புக் கூட. முட்டை, கீரை, பழம் குடுங்க. தண்ணி நல்லாக் குடிக்கட்டும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் புருஷன் சண்டை என்றாலே நடுங்குகிற மனிதர். நாட்டில் நடந்த சண்டையை நிறுத்த முடியாதவர் வீட்டுச் சண்டையை நிறுத்தப் புறப்பட்டார்.

"மாமி வேணாம் எண்டதையும் மிசி வேணாம் எண்டதையும் எல்லாத்தையும் விட்டிருவம். அப்ப ஒருத்தருக்கும் மனக்குறை வராது."

இதைவிட மடத்தனமான பேச்சை நான் கேட்டதில்லை. ஆனால் அம்மா தலையாட்டினார், மிசியும் தலையாட்டினார். சரக்கும் போனது, கருவாடும் போனது, முட்டையும் கீரையும் வரவே இல்லை. எனக்கு மிஞ்சியது சோறும் அவித்த கத்தரிப்பிஞ்சும்தான். என் வாயைக் கட்டிவிட்டு மூன்று பேரும் சமாதானமாக இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

பால் வற்றத் தொடங்கியது. மகள் சூப்புவாள், ஒன்றும் வராது, தலையை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு கத்துவாள். பிறகு கத்தவும் சக்தி இல்லாமல் முனகினாள். அது இன்னும் மோசம். கடையில் பால்மா இல்லை, ஆமிக்காரர்கள் சோதனைச் சாவடியைத் தாண்டி வரவிடவில்லை.

அடுத்த முறை மிசி தராசைக் கொளுவி மகளை நிறுத்தார். நிறை இறங்கியிருந்தது.

"இப்படியே போனா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேணும்."

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சாவடியைத் தாண்ட வேண்டும். அங்கே பஸ்ஸிலிருந்து இறக்கிய ஆண்கள் எல்லாரும் வீடு திரும்பியதில்லை. போகாவிட்டால் பிள்ளை. என் புருஷன் என்னைப் பார்த்தார். அம்மாவும் மிசியுமோ யாருடைய பிழை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரக்க நிப்பாட்டினதாலதான் மிசி, பால் வத்தினது!"

"முட்டை குடுத்தீங்களா நீங்க?"

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். வாவிக்குள் தோணியை இறக்க விடாததால் கரையோரத்தில் அத்தாங்கு வலை போட்டு என் புருஷன் இறால் அள்ளி வந்திருந்தார். மற்றவர்களுக்காக அம்மா அந்த இறாலில் முருங்கையிலை போட்டுத் தேங்காய்ப்பால் கறி வைத்திருந்தார். சட்டியோடு எடுத்துச் சோற்றில் கவிழ்த்து இரண்டு கையாலும் தின்றேன். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தேன்.

"ஐயோ புள்ள, இறால் கிரந்தி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இறால் வேணாம், அலர்ஜி வரும்!" என்றார் மிசி.

கிழக்கும் மேற்கும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான். வாயில் சோற்றோடு இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அன்றிலிருந்து குசினியில் அகப்பட்டதையெல்லாம் தின்றேன். முட்டையும் தின்றேன், சரக்கும் தின்றேன். ஒருத்தரும் என் கையைப் பிடிக்கத் துணியவில்லை.

பால் சுரந்தது. மகள் மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். மறுபடி நிறுத்தபோது நிறை ஏறியிருந்தது.

"பாத்தீங்களா, ரெண்டையும் சேர்த்தா இப்படித்தான்" என்றார் மிசி.

"என்ட சரக்கு லேசுப்பட்டதா?" என்றார் அம்மா.

இரண்டு பேரும் பாயில் சேர்ந்திருந்து தேத்தண்ணி குடித்தார்கள். எதில் என்ன சத்து, எதில் என்ன சூடு என்று பேசிப் பேசி ஓயவில்லை. என் மகள் உயிரோடு கிடப்பது அவர்களுடைய கெட்டித்தனமாம். எனக்குப் பசிக்கிறதா என்று மட்டும் அந்த முற்றத்தில் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை.