பிஸ்கட்டும் கம்பிவலையும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்கு, எதற்கும் வெடித்துப் பேசுவதால் வெடியக்கா என்று பேர். மொட்டைமாடியில் அவள் காயப்போடும் விரிப்புகளைக் குரங்குகள் இழுத்துக் கிழித்தன. மாடியைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கச் சொல்லி மூன்று வருஷமாக மேலாளரிடம் நடையாய் நடந்தாள்.

அந்த மனிதரோ, தன் கண்ணாடியைக் குரங்கு பறிக்கும்போதெல்லாம் பிஸ்கட்டை நீட்டுவார். அது கண்ணாடியைப் போட்டுவிட்டு, பிஸ்கட்டைக் கன்னப்பைக்குள் அடக்கிக்கொண்டு ஓடும். எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் இனம். தாயைப் பார்த்துக் குட்டிகளும் பறிக்கப் பழகின.

"திருடுனா தீனி கிடைக்கும்னு நீங்கதான் சார் கத்துக்குடுக்கறீங்க!"

"கத்தாதேம்மா. வலைக்கு எழுதிக் குடு, பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தே அவளுக்குக் கை ஓய்ந்தது.

நேற்று மாடிக்கு வந்தவரின் கண்ணாடி மறுபடியும் பறிபோனது. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு குரங்கு கீழே போட்ட கண்ணாடியை, வெடியக்கா முந்திக்கொண்டு எடுத்து இடுப்பில் செருகினாள்.

"குடும்மா, கண்ணு தெரியல."

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பழக்கதோஷத்தில் அவர் கை, மிச்சமிருந்த பிஸ்கட்டை அவளிடம் நீட்டியது.

"குரங்குக்கு பிஸ்கட் போதும் சார்," என்றாள் வெடியக்கா. "எனக்கு வலை வேணும்."