துண்டுக்குள் விலைபேசிய கார்

வசந்தாமணிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அதைத்தான் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சங்ககிரியில் லாரிப் பட்டறை நடத்துகிற பொம்பளை. அவள் வாயைத் திறந்தால் வடக்கே போய் வந்த டிரைவர்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். அவளை யார் தடுக்க முடியும்? மகன் ஜெகதீஸ்வரன் மட்டும் தடுத்துப் பார்த்தான்.

"ஏம்மா, கார் வேணும்னா புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம். அது ரெண்டு பேரு உக்கார்ற ரேஸ் வண்டி. மேல கூரைகூடக் கெடையாது. மழை வந்தா சட்டி வெச்சு மோந்து ஊத்தோணும்."

"நான் உக்காரவா வாங்கறேன்? கோழி அடைக்கப் போறேன்டா."

"கோழியா?"

"ஆமா. பட்டறைக்கு முன்னால, ரோட்டப் பாத்தாப்பல நிறுத்தி, நாலு கோழிய உள்ள உட்டுருவேன். சேலம் போறவன், கோயமுத்தூர் போறவன், அத்தன பேரும் பாக்கட்டும். செங்கோட்டையன் காருல கோழி பேண்டு வெச்சிருக்குதுன்னு ஊரே சொல்லோணும். அப்பத்தான் எம்பட வயித்தெரிச்சல் அடங்கும்."

செங்கோட்டையன் வேறு யாருமில்லை, அவளோடு கூடப்பிறந்த ஒரே அண்ணன். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காடும் கோழிப்பண்ணையுமாக வசதியாகத்தான் இருந்தான். கார் அவர்கள் அப்பன் வாங்கியது. ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஊரைக் காலி செய்தபோது, மிளகு வியாபாரத்துக்குப் போன மனுசன், மிளகை விட்டுவிட்டுக் காரோடு இறங்கி வந்துவிட்டார். சிவப்பு நிறம், நீள மூக்கு, இரண்டே சீட்டு, மடக்கி வைக்கத் துணிக்கூரை. ஒரு சீட்டில் அப்பன், இன்னொரு சீட்டில் மகன். வசந்தாமணி டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு அந்தக் கார் தாண்டிப் போகும். அண்ணன் திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்துவான். அதையெல்லாம் மறந்துவிட இவள் என்ன கல்லா?

கல்யாணத்தன்று வாய்விட்டே கேட்டாள். மண்டபத்துக்கு ஒரே ஒரு தடவை அந்தக் காரில் போகிறேன் என்றாள். "மூடாத வண்டியில பொட்டப்புள்ள போனா ஊரு சிரிக்கும்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் இந்தச் செங்கோட்டையன்தான். மாப்பிள்ளை மணிமாறன் லாரிக்காரர். "நம்ம வண்டி காரவிட ஒசரம், வா புள்ள" என்று லாரி கேபினிலேயே அவளை ஏற்றிக் கூட்டிப்போனார். அவர் நல்ல மனுசன்.

அந்த நல்ல மனுசன் நெஞ்சுவலி வந்து செத்தபோதுதான் அண்ணனுடைய லட்சணம் முழுசாகத் தெரிந்தது. புருசன் செத்தால் பெண்ணின் பிறந்த வீட்டார் கோடித்துணி கொண்டுவந்து அவள் மேல் போடவேண்டும். அண்ணன் இருக்கிறவளுக்கு அது அண்ணன் கையால்தான் விழவேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அப்பன் காட்டில் தனக்கும் பங்கு உண்டா என்று வசந்தாமணி ஒரு வார்த்தை கேட்டிருந்தாள். கேட்டது ஒரு குற்றமா? அந்த வீம்பில் செங்கோட்டையன் சாவுக்கு வரவேயில்லை. பொணத்தை எடுக்காமல் மத்தியானம்வரை வைத்திருந்து, பிறகு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவசரமாக ஒரு சேலை வாங்கிவந்து போட்டார். கூடியிருந்த பொம்பளைகள் குசுகுசுவென்று பேசியது இன்றைக்கும் அவள் காதில் கேட்கிறது. பத்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்லை.

இப்போது அந்தக் கார் விலைக்கு வருகிறது என்று சொன்னவன் தரகன் காத்தான். ஒரு காலத்தில் சந்தையில் மாட்டுக்குத் தரகு பார்த்தவன். இப்போது டிராக்டர், டெம்போ, கார் எதுவானாலும் பார்க்கிறான். "கார் ஷெட்டக் காலி பண்ணித் தீவன மூட்டை அடுக்கப் போறாருங்கக்கா. சேலத்துல ஒரு டாக்டரு, பழைய வண்டியா சேக்கறவரு, நல்ல வெலைக்குக் கேட்டுட்டு இருக்கறாரு" என்றான். கோழி அடைக்கிற யோசனை அந்த நிமிசமே அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. ஏன்டா அன்றைக்கு வரவில்லை என்று அவன் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். கேட்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கார் அந்தச் சாக்கு.

ஜெகதீஸ்வரன் பட்டறை ஜீப்பை ஓட்ட, காத்தான் பின்னால் உட்கார, மூவரும் நாமகிரிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி சாரதாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வா அம்மிணி, தண்ணி குடி."

"தண்ணி சங்ககிரியிலயே குடிச்சுட்டுத்தான் வந்தேன். வண்டியக் காட்டச் சொல்லு."

செங்கோட்டையன் ஷெட் வாசலில் நின்றான். தலை நரைத்து, கழுத்து ஒடுங்கிப் போயிருந்தான். தங்கையைப் பார்க்காமல் காத்தானைப் பார்த்தே பேசினான். "வந்தவங்களப் பாத்துக்கச் சொல்லு காத்தா. தொட்டுப் பாக்கறதுன்னா கையக் கழுவிட்டுத் தொடச் சொல்லு."

"டீசல்ல கழுவுன கைதான்னு சொல்லு காத்தா. சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள் வசந்தாமணி.

காத்தான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினான். இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேருக்கும் கேட்டுவிட்ட பிறகு அவன் எதைச் சொல்வது?

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து அடியில் கைவிட்டுத் துருப்பிடித்திருக்கிறதா என்று தடவினாள். லாரிக்கார வீட்டுக் கை, ஓட்டை இருந்தால் விட்டுவிடுமா? ஒரு ஓட்டை இல்லை. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சீட்டுத் தோலில் எண்ணெய் தேய்த்து வைத்திருந்தான். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வீம்புக்கு ஹாரனை அழுத்தினாள். அதே சத்தம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம்.

"தெனம் தொடச்சு வெப்பாருங்கக்கா. மெத்துனு துணி இதுக்குன்னே வாங்கி வெச்சிருக்கறாரு" என்று காத்தான் வண்டிக்குப் பரிந்து பேசினான்.

அவளுக்குச் சுரீரென்றது. காரைத் துடைக்கத் துணி இருந்திருக்கிறது இவனிடம். கூடப்பிறந்தவளுக்குப் போடத்தான் ஒரு துணி இல்லை. அவள் இறங்கிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"வெலையச் சொல்லச் சொல்லு!"

செங்கோட்டையன் மாட்டுச்சந்தையில் செய்வதுபோல் துண்டுக்குள் பேசிக்கொள்ளலாம் என்று காத்தானிடம் சாடை காட்டினான். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விலை சொல்கிறவன் எதிராளியின் விரலைப் பிடிப்பான். எத்தனை விரலோ அத்தனை லட்சம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, வாயால் ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம். பேச்சில்லாத அண்ணன் தங்கைக்கு வசதியான ஏற்பாடு.

"அக்கா, பொம்பளைங்க துண்டுல கை வெக்கறது வழக்கமில்லீங்க. நானே ரெண்டு பக்கமும் புடிச்சுச் சொல்றேன்" என்றான் காத்தான்.

"எம்பட கைய நான் குடுக்கறேன். உம்பட துண்ட எடு."

காத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தான். அண்ணன் கையும் தங்கை கையும் உள்ளே போயின. அவன் கை சில்லென்று இருந்தது. முதலில் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். சேலத்து டாக்டர் சொல்லியிருக்கிற விலை அதுதான் போல. அவள் கையை உதறினாள். நான்கு விரலைப் பிடித்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளிடம் எதிர்விலை கேட்காமலேயே மூன்றுக்கு இறங்கினான். பிறகு இரண்டு. பேரம் பேசுகிறவன் தன் விலையைத் தானே இப்படி இறக்குவானா? கடைசியில் அவளுடைய சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு லட்சம் என்பது பேருக்குத்தான், காரைச் சும்மா கொடுக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். அதையும் நாலு பேருக்குத் தெரியாமல், இருட்டில், துணிக்குள் கேட்கிறான். புரிந்த மாத்திரத்தில் மனசு இளகும் என்று நினைத்தால் அவன் ஏமாந்தான். அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

ஒரே இழுப்பில் துண்டைப் பிடுங்கினாள். தங்கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் கை பட்டப்பகலில் எல்லோர் கண்ணிலும் பட்டது. காத்தான் வாயைப் பிளந்தான். சாரதாமணி சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஊரு கூடியிருக்கறப்ப என்னைய அனாதையாட்ட நிக்க வெச்சயே, அதத் துண்டுக்குள்ளயா சரி பண்ணுவ? வாயத் தொறந்து சொல்லுடா! ஏன் வரல?"

செங்கோட்டையன் காரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"வசந்தா... நான் வந்தேன். சீலை எடுத்துட்டு, இந்தக் கார்லதான் வந்தேன். ராசிபுரம் தாண்டி வந்துட்டேன். பங்கு கேட்டதுக்குப் பயந்துட்டு ஓடியாந்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்களேன்னு இருந்துச்சு. திரும்பிட்டேன்."

"அட பாவி!" என்று அவள் அலறியதில் பண்ணைக் கோழிகள் மொத்தமாகக் கத்தின. "எம்பட புருசன் பொணமாக் கெடக்கறாரு. நீ உம்பட மீசையத் தடவிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டயா? வராமயே இருந்திருந்தாக்கூட ஆறியிருக்குமேடா! பாதி வழி வந்துட்டுப் போனயா?"

அவள் விறுவிறுவென்று போய்த் தன் வண்டியில் ஏறினாள். ஜெகதீஸ்வரன் ஓடிவந்து வண்டியை எடுத்தான். காத்தான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

"அக்கா, துண்டு எம்பட துண்டுங்க..."

அப்போதுதான் அது இன்னும் தன் கையில் கசங்கிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள்.

"காத்தா, அந்தக் கார டாக்டருக்கே வித்துரச் சொல்லு. வித்துட்டு ஒரு சீலை எடுக்கச் சொல்லு. பஸ் ஏறி வந்து, சங்ககிரி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, சீலையக் கையில புடிச்சுட்டு, கடைவீதி வழியா, அத்தன பேரும் பாக்க நடந்து எம்பட ஊட்டுக்கு வரச் சொல்லு. கார்ல வந்தான்னா கல்லெடுத்து அடிப்பேன்னு சொல்லு."

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு ஜெகதீஸ்வரன் மெதுவாகக் கேட்டான். "மாமன் வந்தா சீலைய வாங்கிக்குவியாம்மா?"

"வரட்டும். வாசல்ல நிக்க வெச்சு, கேக்கறது அத்தனையும் கேட்டுப்போட்டு அப்பறம்தான் வாங்குவேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராசிபுரம் தாண்டியதும், எந்த இடத்தில் திரும்பியிருப்பான் என்று ஒவ்வொரு முக்காகப் பார்த்துக்கொண்டே, அண்ணனைத் திட்டித் திட்டி அழுதாள்.